ஆல்பாவின் வாயை அடைத்தது யார்?

அத்தியாயம் 4

"முதல்ல அந்த மழைக்கோட்டைக் கழட்டு" என்றாள் அண்ணி.

டுமீல் கழற்றவில்லை. வெளியே வெயில் மண்டையைப் பிளக்கிறது. இவனோ தலையில் ஹெல்மெட், உடம்பில் மழைக்கோட்டு, கையில் பாத்திரம் கழுவும் ரப்பர் உறை என்று ஒரு பள்ளிக்கூடத்தின் இயற்பியல் லேப் வாசலில் நிற்கிறான். கதிரியக்க வில்லை திருடு போய்விட்டது என்று போனில் கேட்ட நிமிடத்திலிருந்து அவன் இந்த வேஷத்தில்தான் இருக்கிறான்.

"எனக்கு இன்னும் கல்யாணம்கூட ஆகலை அண்ணி."

"அதுக்குக் காரணம் கதிரியக்கம் இல்லை. உள்ளே வா."

அண்ணி என்றால் அவனுக்கு மட்டும் அண்ணி இல்லை. அண்ணன் மனைவி என்பதால் இவன் அப்படிக் கூப்பிடப் போய், கேஸ் கொண்டு வந்தவர்களும் கூப்பிட்டு, கடைசியில் போலீஸ் ஸ்டேஷனிலும் அதே பேர் நிலைத்துவிட்டது. பத்து வருடம் டியூஷனில் பிசிக்ஸ் சொல்லிக் கொடுத்துவிட்டு, "பசங்க பொய்யைக் கண்டுபிடிச்சே பழகிப்போச்சு, இதையே தொழிலா வச்சுக்கறேன்" என்று மாடி அறையில் துப்பறியும் நிறுவனம் ஆரம்பித்தவள். டுமீல் அவளுடைய கொழுந்தன், உதவியாளன், வண்டி ஓட்டி. எந்தக் கதையைச் சொன்னாலும் நடுவில் ஒரு துப்பாக்கியைச் சுடாமல் முடிக்க மாட்டான் என்பதால் பள்ளியில் வைத்த பட்டப்பேர். முப்பத்து நாலு வயதாகியும் அது அவனை விட்டுப் போகவில்லை.

லேபுக்குள் மூன்று பேர் இருந்தார்கள். பிரின்சிபால் அம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிசிக்ஸ் சார் தீர்ப்பே எழுதி முடித்தவர் மாதிரி மார்பில் கை கட்டியிருந்தார். ஜன்னலோரமாக, சாவிக்கொத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றவள்தான் லேப் அக்கா. பத்தொன்பது வருடமாக இந்த லேபின் உதவியாளர். அழுது முடித்து முகம் கழுவியிருந்தாள், ஆனால் கண் இன்னும் சிவப்பாகவே இருந்தது.

"மூணு வில்லை" என்று ஆரம்பித்தார் பிசிக்ஸ் சார். "ஒவ்வொண்ணும் சட்டைப் பொத்தான் சைஸ். ஆல்பா, பீட்டா, காமா. ஈயப் பெட்டியில வச்சு, அலமாரியில பூட்டியிருக்கும். சாவி இந்தம்மாகிட்ட மட்டும்தான். நேத்து வருஷாந்திர சோதனை. கதிர்களை எண்ணற கெய்கர் கவுண்டரை வச்சு அளந்தேன். பீட்டா சரி, காமா சரி. ஆல்பா மட்டும் போன வருஷம் நிமிஷத்துக்கு ஆறாயிரம், இப்போ நூத்தி நாப்பது."

"அப்போ வில்லை காணாமப் போகலை?" என்றான் டுமீல். ஹெல்மெட்டுக்குள்ளிருந்து குரல் குடத்துக்குள் பேசுவதுபோல் வந்தது.

"ஏதோ ஒரு வில்லை இருக்கு. அது நம்ம வில்லை இல்லை. அசலை எடுத்துக்கிட்டு டூப்ளிகேட்டை வச்சிருக்காங்க."

"வயசாகி வீக் ஆயிருக்கும் சார். எங்க பெரியப்பாவே..."

"தம்பி, இதுல இருக்கற அணுக்கள்ல பாதி சிதையறதுக்கே நானூத்தி முப்பத்திரண்டு வருஷம் ஆகும்" என்றாள் அண்ணி. "ஒரே வருஷத்துல இப்படிப் படுத்துக்காது. சார் சொல்றது அதுவரைக்கும் சரி."

பிசிக்ஸ் சாருக்கு உற்சாகம் வந்துவிட்டது. "இன்னொண்ணு கேளுங்க. இதே பொருளைத்தான் புகை அலாரத்துக்குள்ள வைக்கறாங்க. இந்தம்மாவோட கூடப்பிறந்த தம்பி என்ன வியாபாரம் பண்றான் தெரியுமா? புகை அலாரம்! இதுக்கு மேல என்ன வேணும்?"

"என் தம்பி உழைச்சுச் சாப்பிடறவன் சார்" என்றாள் லேப் அக்கா. குரல் உடைந்தது. "அம்மா, எனக்கு வேலை போனாக்கூடப் பரவாயில்லை. என் பொண்ணு இதே ஸ்கூல்ல பன்னெண்டாவது படிக்கறா. திருடி பொண்ணுன்னு பேரோட நாளைக்கு அவ எந்த பெஞ்சுல போய் உக்காருவா?"

பிரின்சிபால் அம்மா மெதுவாகச் சொன்னார்: "புகார் டைப் அடிச்சு வச்சாச்சு. மூணு மணிக்கு நான் கையெழுத்துப் போட்டே ஆகணும். விதி அப்படி. அதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை உங்ககிட்ட கேட்டுடலாம்னுதான் கூப்பிட்டேன்."

சுவர்க் கடிகாரம் பன்னிரண்டரை காட்டியது.

அண்ணி லேபைச் சுற்றி வந்தாள். டுமீல் பின்னாலேயே போனான், எதையும் தொடாமல். தொட்டிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது, ஏனென்றால் அந்த லேபில் எல்லாவற்றுக்கும் அட்டை போட்டிருந்தது. பதிவேட்டுக்கு, கால்குலேட்டருக்கு, சாக்பீஸ் டப்பாவுக்கு, முதலுதவிப் பெட்டிக்கு, ஏன், அடிஸ்கேலுக்குக்கூடக் கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் ஷீட் சுருக்கமில்லாமல் இழுத்து ஒட்டியிருந்தது.

"கொஞ்ச நேரம் அசையாம நின்னா நம்மளையும் சுருட்டி அட்டை போட்டுடுவாங்க போல" என்றான் டுமீல்.

"தூசி படாதுங்க" என்றாள் லேப் அக்கா, அந்த நிலைமையிலும் கொஞ்சம் பெருமையோடு. "எல்லாம் நானே போட்டது."

பதிவேட்டின் முதல் பக்கத்தில் பள்ளி முத்திரையோடு ஒரு கடிதம் இருந்தது. அதற்கும் அட்டை.

"இது என்ன, நல்லாசிரியர் விருதா?" என்றான் டுமீல்.

"மெமோ" என்றாள் லேப் அக்கா. "போன ஆகஸ்ட்ல ஒரு பையன் கவுண்டர் குழாயோட வாயில இருக்கற ஜன்னலைப் பென்சிலால குத்தி உடைச்சிட்டான். கவனக்குறைவுன்னு சார் எனக்குக் குடுத்தாரு. பத்தொன்பது வருஷத்துல வாங்கினது இது ஒண்ணுதான். கண்ணுலயே இருக்கட்டும்னு வச்சிருக்கேன்."

"வாங்கின மெமோவுக்கு அட்டை போட்டு வச்ச ஆளை நான் இப்பத்தான் பாக்கறேன்" என்றான் டுமீல். பிசிக்ஸ் சார் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"ஆகஸ்டுக்கு அப்புறம் இந்த ஆல்பா வில்லையை யாராவது வெளியே எடுத்தாங்களா?" என்று அண்ணி கேட்டாள்.

"இல்லை. வகுப்புல பீட்டாவும் காமாவும் காட்டினேன். ஆல்பாவுக்கு வீடியோ போட்டேன். அதுதான் இவங்களுக்கு வசதியாப் போச்சு" என்றார் பிசிக்ஸ் சார்.

"சரி. கவுண்டரை ரெண்டு மணி நேரம் கடன் குடுங்க. அந்த அலாரம் கடையைப் பார்த்துட்டு வர்றோம்."

* * *

ஸ்கூட்டரில் டுமீல் ஓட்ட, அண்ணி பின்னால் கவுண்டரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அது சும்மாவே அவ்வப்போது டிக், டிக் என்றது. ஒவ்வொரு டிக்குக்கும் வண்டி ஒரு முழம் விலகியது.

"நேரா ஓட்டு. கல்லு, மண்ணு, வானம் எல்லாத்துலேருந்தும் நிமிஷத்துக்கு ஒரு இருபது வந்துக்கிட்டேதான் இருக்கும். நீ பொறந்ததுலேருந்து வாங்கிட்டு இருக்கே."

"அதான் இப்படி இருக்கேனா? சரி, இந்த ஆல்பான்னா என்ன அண்ணி? எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க."

"அணுன்னு ஒண்ணு இருக்கா. அது பெரும்பாலும் காலி இடம்."

"யாரையோ குத்திக் காட்டற மாதிரி இருக்கே."

"நடுவுல துளியூண்டு கரு. அதுக்குள்ள புரோட்டானும் நியூட்ரானும் நெருக்கியடிச்சு உக்காந்திருக்கும். சில கருவுல கூட்டம் தாங்காது. ரெண்டு புரோட்டான், ரெண்டு நியூட்ரான், நாலு பேரும் கட்டிப் பிடிச்சுக்கிட்டே வெளியே குதிச்சு ஓடுவாங்க. அந்தக் கும்பல்தான் ஆல்பா. தடிமாடு. ஓடற வேகத்துல எல்லார் மேலயும் மோதி மோதி, ஒரு நோட்டுக் காகிதத்தைக்கூடத் தாண்ட முடியாம நின்னுடும். பீட்டா ஒல்லிக்குச்சி எலெக்ட்ரான். காகிதத்துல நுழைஞ்சு போயிடும், நிறுத்த அலுமினியத் தகடு வேணும். காமா ஆளே இல்லை, ஒளிக்குச் சொந்தக்காரன். அவனை அடக்கக் கனமான ஈயம் வேணும்."

"அப்போ ஆல்பா நம்ம அண்ணன் மாதிரி. பாத்தா பயங்கரம், ஒரு காகிதம் காட்டினா நின்னுடுவாரு."

"காகிதம் இல்லை, பட்டியல். நான் கடைப் பட்டியல் நீட்டினாத்தான் நிப்பாரு. ஆனா ஒண்ணு, ஆல்பா சாதுன்னு நினைச்சுக்காதே. வெளியே இருக்கற வரைக்கும் நம்ம தோலே தடுத்துடும். தூளாகி மூச்சுலயோ வாயிலயோ உள்ளே போச்சுன்னா அவ்வளவுதான். அதனாலதான் பூட்டு, சாவி, புகார் எல்லாம்."

டுமீல் ரப்பர் உறையை இன்னும் கொஞ்சம் மேலே இழுத்துவிட்டுக்கொண்டான்.

கடை சின்னது. சுவர் முழுக்க வட்ட வட்டமாக அலாரங்கள். லேப் அக்காவின் தம்பிக்கு விஷயம் அதற்குள் எட்டியிருந்தது. கல்லாவுக்குப் பின்னாலிருந்தே சீறினான்.

"தேடுங்க! கடையையே தலைகீழாக் கொட்டித் தேடுங்க! ஒவ்வொண்ணும் கம்பெனியிலேருந்து சீல் போட்டு வருது. ஒரு பொத்தானைத் திருடி நான் என்ன பண்ண, சட்டைக்குத் தைக்கவா? எங்கக்கா பஸ்ல சில்லறை அதிகமா வந்தாக்கூட அடுத்த நாள் கண்டக்டரைத் தேடிப் போய்க் குடுக்கறவ!"

"கோபப்படாதீங்க" என்றாள் அண்ணி. "உள்ளே எப்படி இருக்கும்னு காட்டற மாதிரி ஏதாவது வச்சிருக்கீங்களா?"

வைத்திருந்தான். வாடிக்கையாளருக்குக் காட்டுவதற்காக கம்பெனியே மேல்பாகத்தைத் திறந்து அனுப்பிய சாம்பிள் அலாரம் ஒன்று, கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. பெட்டியைத் திறந்ததும் நடுவில் மினுங்கும் ஒரு பொட்டு தெரிந்தது.

"அதை யாரும் விரலால தொடக் கூடாது" என்றாள் அண்ணி. கவுண்டர் குழாயின் சிவப்பு மூடியைக் கழற்றிவிட்டு, குழாயின் வாயைப் பொட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். "இப்போ கடகடன்னு அடிக்கணும்."

மூவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள்.

டிக்.

...டிக். டிக்.

ஒரு நிமிடம் எண்ணினாள். நாற்பத்தாறு.

"அவ்வளவுதானா?" டுமீலுக்கு ஆச்சரியத்தில் ஹெல்மெட் கழன்றது. "இங்கேயும் அசலை எடுத்துட்டாங்களா? அண்ணி, பெரிய கும்பல் போல! ஊர்ல ஒரு ஆல்பா விடாம அடிச்சிட்டுப் போறாங்க. நடுராத்திரி, கறுப்பு வேன், காவல்காரன் குறுக்கே வர்றான், டுமீல்..."

அண்ணி சிரிக்க ஆரம்பித்தாள். சத்தமே இல்லாமல் தோள் குலுங்கியது. அவள் அப்படிச் சிரித்தால் கேஸ் முடிந்தது என்று அர்த்தம். காரணம்தான் கடைசியில் தெரியும், அதுதான் டுமீலுக்குப் பிடிக்காது.

"கம்பெனி சீலோட வந்த அலாரத்துலயும் ஆல்பா இல்லை. லேப் வில்லையிலயும் இல்லை. ஊர்ல இருக்கற ஆல்பா எல்லாம் ஒரே நாள்ல வேலை நிறுத்தம் பண்ணுமா?"

"பண்ணாது."

"ரெண்டு இடத்துக்கும் பொதுவா வந்தது எது?"

டுமீல் யோசித்தான். "நானு" என்றான் கலவரத்தோடு.

"உன்னைத் தவிர."

அவள் குழாயைத் தூக்கி, வாசல் வெயிலில் சாய்த்துப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு அதன் வாயைப் பார்த்தாள். ஏதோ பளிச்சென்று மின்னியது. உடனே சிவப்பு மூடியைப் போட்டு மூடிவிட்டாள்.

"லேபைச் சுத்தி வரும்போது நீ ஒரு கிண்டல் பண்ணினே. ஞாபகம் இருக்கா?"

"ஏழெட்டு பண்ணினேன். எது?"

"அதுல ஒண்ணு கிண்டல் இல்லை, துப்பு. வண்டியை எடு."

* * *

திரும்பி வந்தபோது இரண்டே முக்கால். பள்ளி கேட்டில் காவலாளி டுமீலின் காதில் குனிந்தார்.

"அஞ்சு வில்லையாமே சார்? வெளிநாட்டுக்கு வித்துட்டாங்களாம். அணுகுண்டே செஞ்சுடலாமாம்."

"யாரு சொன்னா?"

"ஆபீஸ்ல ரெண்டு பேர் சொன்னாங்க. அவங்களுக்கு ஸ்டாஃப் ரூம்ல சொல்லியிருக்காங்க."

உள்ளே நடக்கும்போது அண்ணிக்கு முகம் கடுத்துவிட்டது. "அணு உலைக்குள்ள நடக்கறதும் இதேதான். ஒரு கரு பிளக்கும். அதுலேருந்து ரெண்டு மூணு நியூட்ரான் கிளம்பும். ஒவ்வொண்ணும் போய் இன்னொரு கருவைப் பிளக்கும். தொடர்வினை. உலைன்னா நடுவுல கம்பியை இறக்கி, அந்த நியூட்ரானை எல்லாம் உறிஞ்சிக் கட்டுப்படுத்துவாங்க. வதந்திக்குக் கம்பி போட ஆளே இல்லை. பாவம், லேப் அக்காவோட பொண்ணு காதுல இந்நேரம் எத்தனை விழுந்துச்சோ."

லேபில் பிரின்சிபால் அம்மாவின் முன்னால் புகார்க் கடிதம் இருந்தது. பேனாவின் மூடி திறந்திருந்தது. லேப் அக்கா முன்பு நின்ற அதே இடத்தில் நின்றாள். சாவிக்கொத்தை மட்டும் மேஜையில் வைத்துவிட்டிருந்தாள்.

"கடையில கிடைச்சுதா?" என்றார் பிசிக்ஸ் சார்.

"ஒண்ணும் கிடைக்கலை. அதுதான் கிடைச்சது" என்றாள் அண்ணி. "சார், உங்க கையாலேயே இன்னொரு தடவை அளந்து காட்டுங்க."

சார் இடுக்கியால் வில்லையை எடுத்துத் தாங்கியில் பொருத்தினார். மூடியைக் கழற்றி, குழாயை நேரே வைத்தார். ஒரு நிமிடம். நூற்று முப்பத்தெட்டு.

அண்ணி ஒரு நோட்டுக் காகிதத்தைக் கிழித்து நடுவில் நீட்டினாள். "இப்போ?"

நூற்று நாற்பத்தொன்று.

"பாத்தீங்களா? காகிதம் வச்சும் குறையலை. ஆல்பாவே வரலைன்னு அர்த்தம். போலின்னு நான் சொன்னது நிரூபணம் ஆயிடுச்சு."

"போலின்னா நிமிஷத்துக்கு இருபதுதானே சார் வரணும்? ரோட்டுல வர்ற அதே இருபது. மீதி நூத்தி இருபது யார் வீட்டு விருந்தாளி?"

பிசிக்ஸ் சார் கவுண்டர் காட்டிய எண்ணை மறுபடி பார்த்தார்.

"அசல் வில்லை ஆல்பாவோட கூடக் கொஞ்சம் காமாவும் விடும். அது காகிதத்துக்கு அடங்காது. அதுதான் வந்துக்கிட்டே இருக்கு. போலின்னா முழு ஊமையா இருக்கணும். இது வாயைப் பொத்தின ஆள் மாதிரி முனகுது. ஆசாமி உள்ளேதான் இருக்கார். பொத்தின கை யாருதுன்னுதான் பாக்கணும்."

"மூடியைக் கழட்டாம அளந்தேன்னு சொல்றீங்களா? இருபது வருஷமா பாடம் எடுக்கறேன் நான்!"

"சிவப்பு மூடியைக் கழட்டிட்டீங்க சார். இன்னொரு மூடி இருக்கு. கண்ணுக்குத் தெரியாது." அண்ணி திரும்பினாள். குரல் இறங்கியது. "அக்கா, போன ஆகஸ்ட்ல குழாய் உடைஞ்சு, புதுக் குழாய் வந்துச்சே. அன்னிக்கு நீங்க என்ன பண்ணீங்க?"

லேப் அக்காவுக்கு முதலில் கேள்வியே புரியவில்லை. பிறகு அவள் முகத்திலிருந்த ரத்தமெல்லாம் இறங்கியது.

"அட்டை போட்டேன்" என்றாள்.

பிசிக்ஸ் சார் குழாயின் வாயைக் குனிந்து பார்த்தார்.

"அந்த ஜன்னல் வெங்காயத் தோலைவிட மெல்லிசா இருந்துச்சும்மா. பாக்கும்போதே நெஞ்சு பதறிச்சு. இன்னொரு மெமோ வாங்க என்கிட்டத் தெம்பு இல்லை. கண்ணாடி மாதிரிதானே இருக்கு, எதையும் மறைக்காதுன்னு நினைச்சு, வட்டமா வெட்டி, விளிம்புல மடிச்சு ஒட்டிட்டேன். அதுவா? அதுவாம்மா?"

"அதுதான்" என்றாள் அண்ணி. "வெளிச்சத்துக்குத்தான் அது கண்ணாடி. ஆல்பாவுக்கு அது சுவரு. பீட்டாவும் காமாவும் கண்டுக்காமத் தாண்டிப் போயிட்டாங்க, அதனால சாருக்குச் சந்தேகம் வரலை."

டுமீலுக்கு அப்போதுதான் உறைத்தது. "சுருட்டி அட்டை போட்டுடுவாங்க! அது நான் சொன்னது! அண்ணி, கேஸைக் கண்டுபிடிச்சது நானு!"

"ஆமா. உனக்குத் தெரியாமலே."

"நான் பிரிச்சுப் பாக்கறேன்" என்று பிசிக்ஸ் சார் கை நீட்டினார். அண்ணி குழாயை எடுத்து லேப் அக்காவிடம் கொடுத்தாள்.

"வேண்டாம் சார். போட்ட கைதான் பிரிக்கணும். அவ்வளவு நுணுக்கம் உங்களுக்கும் வராது, எனக்கும் வராது."

லேப் அக்கா பிளேடை எடுத்தாள். உள்ளே இருக்கும் ஜன்னலில் நுனி பட்டால் அது போய்விடும், போனால் நிரூபிக்க வேறு கருவியும் இல்லை. குழாயை வாய் மேலே பார்க்கும்படி இடது கையில் பிடித்துக்கொண்டாள். விளிம்பைச் சுற்றி மெல்ல ஒரு கீறல் போட்டாள். நகத்தால் ஓரத்தைத் தூக்கினாள். டுமீல் கண்ணை மூடிக்கொண்டான். ஷீட் ஒரு சின்ன வட்டமாக அவள் விரல்நுனியில் ஒட்டிக்கொண்டு வந்தது.

சார் குழாயை மறுபடி வில்லைக்கு நேரே வைத்தார்.

கவுண்டர் கடகடவென்று கொட்டித் தீர்த்தது. எண்கள் கண்ணால் பிடிக்க முடியாத வேகத்தில் ஓடின. அண்ணி காகிதத்தை நடுவில் நீட்டினாள், கப்பென்று அடங்கியது. எடுத்தாள், மறுபடி கடகட. ஒரு நிமிடம் முடிந்தபோது ஐயாயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபது.

லேப் அக்கா ஸ்டூலில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். இது காலையில் அழுத அழுகை இல்லை. பார்த்துக்கொண்டிருந்த டுமீல், மழைக்கோட்டுப் புழுக்கம் என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டான்.

"அப்போ தப்பு என்னோடதுதானே?" என்றாள் அவள் கொஞ்ச நேரம் கழித்து.

"பயந்தது தப்பா? பயமுறுத்தினது யாரு?" என்றாள் அண்ணி. "பையன் உடைச்சதுக்கு உங்களுக்கு ஒரு மெமோ. அந்த மெமோ பயத்துல ஒரு அட்டை. அந்த அட்டையால ஒரு திருட்டுப் பட்டம். அதுவும் ஒரு தொடர்வினைதான் சார். முதல் நியூட்ரான் உங்க பேனாவுலேருந்துதான் கிளம்பியிருக்கு."

பிசிக்ஸ் சார் கட்டியிருந்த கையை அவிழ்த்தார். அதை எங்கே வைப்பதென்று அவருக்குத் தெரியவில்லை. "மன்னிச்சுடுங்கம்மா. அவசரப்பட்டுட்டேன்" என்றார். அவர் அப்படிச் சொல்லி அந்தப் பள்ளியில் யாரும் கேட்டதில்லை.

"பத்தொன்பது வருஷம் சார்" என்றாள் லேப் அக்கா. "ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கலாம்."

பிரின்சிபால் அம்மா புகார்க் கடிதத்தை நான்காகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டார். "இந்தம்மா பொண்ணு இருக்கற கிளாஸ்லேருந்து ஆரம்பிச்சு, எல்லா கிளாஸுக்கும் நானே போய் நடந்ததைச் சொல்றேன். சார், நீங்களும் என்கூட வர்றீங்க. அதுக்கு முன்னாடி அந்தப் பழைய மெமோவை என் கண்ணு முன்னாடியே கிழிச்சுப் போடுங்க."

சார் பதிவேட்டிலிருந்து மெமோவை உருவினார். இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். கிழியவில்லை. திருப்பிப் பிடித்து இழுத்தார். முறுக்கிப் பார்த்தார். முகம் சிவந்தது. டுமீல் உதவிக்குப் போய் மறுமுனையைப் பிடித்தான். ரப்பர் உறைதான் வழுக்கியது, மெமோ அசையவில்லை.

லேப் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். மேஜை இழுப்பறையைத் திறந்து கத்தரிக்கோலை எடுத்து அவரிடம் நீட்டினாள். அதன் கைப்பிடிக்கும் அட்டை போட்டிருந்தது.

"அது ரெண்டு சுத்து போட்ட அட்டை சார்" என்றாள். "நிதானமா, ஓரத்துலேருந்து வெட்டுங்க."